நீலக்கோட்டு நிபுணன்

ஜப்பான் நாட்டுக்கு ஓய்வை அறிமுகப்படுத்தியவன் நான். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் தேச நலன் கருதிச் சொல்கிறேன். ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவதுதான் ஓய்வு என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு மகாஜனத்துக்கு, ஓய்வு என்றால் என்ன, அது எத்தனை நொடி, அதற்கு என்ன நிறம் என்றெல்லாம் முதன்முதலாக வரையறுத்தவன் ஷிராகி ஆகிய நானே. நிறம் நீலம்.

ஒசாகாவில், உமேதா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், சண்டை வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் புதிய கேமின் பெயர் 'ஜோடி முஷ்டி'. ஆடுகிறவருக்கு இரண்டு வீரர்கள். ஒருவன் உள்ளே சண்டை போடுவான், மற்றவன் வெளியே இருப்பான். உள்ளே இருப்பவனின் உயிர்க்கோட்டுக்குக் கீழே நீலமாக இன்னொரு கோடு உண்டு. அதுதான் மூச்சு. ஒவ்வொரு குத்துக்கும் உதைக்கும் அது குறையும். தீர்ந்துபோனால் வீரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி மூச்சிரைக்க நிற்பான். அந்த இரண்டு நொடியில் எதிரி அவனைத் துவைத்துக் காயப்போட்டுவிடலாம். அதற்குள் பொத்தானை அமுக்கினால் கூட்டாளி உள்ளே குதிப்பான், களைத்தவன் வெளியே போவான், அவனுடைய நீலக்கோடு மெல்ல நிறையும். நீலக்கோடு என் இலாகா. ஆள் மாற்றம் மகினோவின் இலாகா.

மகினோவுக்கு முப்பத்து மூன்று வயது. எங்கள் பிரிவிலேயே கூட்டத்தில் கேள்வி கேட்கும் ஒரே ஆள். அவளையும் என்னையும் கம்பெனி ஆவணத்தில் 'ஜோடி' என்று குறித்திருக்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலையை மற்றவர் பார்க்க வேண்டும் என்பது விதி. மிக உயர்ந்த விதி. அது வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை யாரும் அதைப் பயன்படுத்தி அழுக்காக்கியதில்லை.

ஏப்ரலில் கம்பெனி செலவில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. எனக்கு 'கொஞ்சம் நடக்கவும்' என்று வந்தது. மகினோவுக்கு, வயிற்றுப் பகுதிக்கு எதிரே சிவப்பு மையில், 'மறுபரிசோதனை தேவை' என்று வந்தது. அன்றே அவள் விடுப்புப் படிவத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஷிராகி-சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டே நாள். வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம்."

"ஐயோ, உடம்புதானே முக்கியம்! தாராளமா போயிட்டு வாங்க."

"அப்போ உங்க முத்திரை..."

"போட்டுடறேன். நிதானமா போட்டுடறேன்."

படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஜோடியின் தேதி முத்திரை, அதாவது 'வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற உறுதி. அது விழுந்த பிறகே தாள் பிரிவுத் தலைவர் குரோசேயிடம் போகும். நான் படிவத்தை என் மேஜையின் மேல் தட்டில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு கனமும் வைத்தேன். முக்கியமான காகிதங்களை நான் அவசரப்பட்டுத் தொடுவதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முத்திரை போட்டால் இரண்டு நாளைக்கு ஆள் மாற்றம் என் தலையில். மகினோவின் அட்டவணைகளை ஆறு வருடமாகப் பார்த்துத் தலையாட்டி வந்திருக்கிறேன். ஒரு வரி புரிந்ததில்லை. அது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு பயம் வருவது வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கனத்தின் அடியில் வைத்தேன்.

மே மாதம் 'ஓய்வின் நாகரிகம்' என்ற தலைப்பில் ஆலோசனைக் கூட்டம். தலைமை, குரோசே. அவர் திரையைப் பார்த்தபடி நெற்றியைச் சுருக்கினார்.

"வெளிய போனவன் என்ன பண்றான்?"

"மூச்சு வாங்கறான், குரோசே-சான்," என்றேன்.

"உக்காந்துக்கிட்டா?"

"ஒரு பெஞ்சு போட்டிருக்கோம்."

"கூட்டாளி உள்ள அடி வாங்கிட்டு இருக்கான், இவன் பெஞ்சுல சாய்ஞ்சிட்டு இருக்கானா? இவனை எந்த வீட்ல வளத்தாங்க?"

"நானும் அதையேதான் நினைச்சேன்," என்றேன். நினைக்கவில்லை. பெஞ்சை வரையச் சொன்னதே நான்தான். ஆனால் பெரியவர் ஒன்றைச் சொன்ன பிறகு அதை நாமும் முன்பே நினைத்திருந்தோம் என்று உணர்வதுதான் அனுபவம்.

பெஞ்சு நீக்கப்பட்டது. இனி வெளியே இருப்பவன் நின்றுகொண்டு, கைதட்டி, கூட்டாளிக்கு உற்சாகம் ஊட்ட வேண்டும். கைதட்டுகிறவனுக்கு மூச்சு எப்படி நிறையும் என்று மகினோ கேட்டாள். நீலக்கோடு நிறையும் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்து அந்த முரண்பாட்டை நான் 'தீர்த்து' வைத்தேன்.

"இன்னொண்ணு," என்றார் குரோசே. "போறவன் ஒரு வார்த்தை சொல்லாம போறானே? நாம இங்க சாயங்காலம் கிளம்பும்போது சொல்றோமில்ல?"

சொல்கிறோம். 'உங்களுக்கு முன்னால கிளம்புறேன், மன்னிச்சுக்குங்க' என்று குனிந்து சொல்லாமல் இந்தக் கட்டடத்திலிருந்து எவரும் வெளியேறியதில்லை. ஒருமுறை தீப்பிடித்து மணி அடித்தபோதும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம்.

"அவன் குனியற நேரத்துல எதிரி பின்மண்டைல உதைப்பான்," என்றாள் மகினோ.

"மரியாதைக்காக ஒரு உதை வாங்கினா என்ன தேய்ஞ்சா போயிடுவான்?"

"ஒரு உதை இல்ல, ஏழு உதை. ஒரு நொடிக்கு அறுபது ஃப்ரேம். இப்போ ஆள் மாறப் பன்னெண்டு ஃப்ரேம்தான் ஆவுது. குனிஞ்சு நிமிர எழுபத்தஞ்சு ஆவும். யாரும் மாத்தவே மாட்டாங்க."

"உள்ள வர்றவனும் பதிலுக்குக் குனியணும் இல்லையா?" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரு நல்லது செய்யலாமே என்று பட்டது.

"பேஷ், ஷிராகி!" என்றார் குரோசே. நூற்று ஐம்பது ஃப்ரேம் என்று முடிவாயிற்று. மகினோ ஒரு கையால் குறிப்பெடுத்தாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது.

திங்கள்தோறும் அவள் என் மேஜைக்கு வருவாள்.

"விடுப்பு என்னாச்சுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

"மேல இருக்கு," என்பேன். மேல் தட்டில்தான் இருந்தது. பொய் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. அவள் குரோசேயின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மதியங்களில் கீழ்க்கடையில் தகோயாகி என்னும் சுடச்சுட ஆக்டோபஸ் உருண்டை வாங்குவோம். எட்டு உருண்டையையும் நாக்கு வெந்தாலும் விடாமல் தின்கிறவள், ஜூனில் ஒன்றை மட்டும் எடுத்து ரொம்ப நேரம் ஊதிக்கொண்டிருந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். மீதியை நான் வீணாக்கவில்லை.

இடையில் சோதனை ஆட்டம் நடந்தது. இருபது பேர், நானூறு ஆட்டம். ஆள் மாற்றும் பொத்தான் அமுக்கப்பட்டது மொத்தம் ஒன்பது முறை. எட்டு முறை கைதவறி. ஒன்பதாவது ஆள் அந்த வணக்கத்தை ஒருதரம் பார்க்க ஆசைப்பட்டானாம். மற்ற ஆட்டங்களில் எல்லாம் களைத்த வீரன் களைத்தபடியே உள்ளே நின்று அடிவாங்கிச் செத்தான். வெளியே இருந்தவன் நீலக்கோடு நிரம்பி வழிய, கடைசிவரை கைதட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, நம்ம ஜனங்க கடைசி மூச்சு வரைக்கும் எடத்தை விட்டுக் குடுக்கறதில்ல!" என்று குரோசே கண் கலங்கினார். அறிக்கையில் அதை 'ஆட்டக்காரர்களின் பொறுப்புணர்வு' என்று பதிவு செய்தேன்.

"பொறுப்பு இல்ல. மாத்தினா உதை விழும்னு பயம்," என்றாள் மகினோ. "வணக்கத்தை எடுத்துடலாம். நானே ஆடிக் காட்டறேன்."

பதினோராவது வாரம், புதன்கிழமை, மதியம் இரண்டரை மணி. குரோசேயும் நானும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகினோ நின்றுகொண்டு ஆடினாள். முகம் சோற்றுக்கஞ்சி நிறத்தில் இருந்தது.

"இப்போ மூச்சு தீரப் போவுது. பொத்தானை அமுக்கறேன். பாருங்க, குனியறான், உதை விழுது, விழுது, மாறவே முடியல..."

அப்புறம் குரல் வரவில்லை. ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. திரையில் வீரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

"என்ன தத்ரூபமா மூச்சு வாங்கறான்!" என்றார் குரோசே. "இது உன் வேலைதானே, ஷிராகி?"

நான் எழுந்து நன்றி சொல்லிக் குனிந்தேன். குனிந்ததால்தான் தரை தெரிந்தது. தரையில் மகினோ கிடந்தாள்.

வயிற்றில் புண், உள்ளுக்குள்ளேயே பல நாளாக ரத்தக் கசிவு என்றார்கள். ஏப்ரலிலேயே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். பொதுவாகச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். உயிருக்கு ஆபத்து இல்லை என்றதும் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனதும் கனத்தை நகர்த்தி, படிவத்தை எடுத்து, முத்திரையைக் குத்தினேன். குரோசே போனில் பேசிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், தன் முத்திரையைக் குத்தினார். நான் ஒரு முலாம்பழமும் வாங்கிக்கொண்டேன். வயிற்றுப்புண்காரிக்கு முலாம்பழம் வாங்கிப்போன விவேகி அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகினோ கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன்."

"ஒரு தொந்தரவும் இல்ல. உங்க வேலைய யாரும் தொடவேயில்ல. விட்ட எடத்துலயே பத்திரமா இருக்கு."

"தெரியும். நான் அங்க இருக்கும்போதே யாரும் தொடலியே."

களைப்பில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டு, படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"இதோ பாருங்க! ரெண்டு நாள் விடுப்பு. அனுமதி கெடைச்சாச்சு!"

அதை வாங்கி மெதுவாகப் படித்தாள். கம்பெனியில் அவள்தான் எல்லாவற்றையும் கடைசி வரிவரை படிக்கிறவள்.

"குரோசே-சான் முத்திரைல இன்னிக்குத் தேதி."

"காலையில நீட்டினேன், உடனே போட்டுட்டாரு. அரை நிமிஷம் ஆகல. தங்கமான மனுஷன்!"

"உங்க முத்திரைலயும் இன்னிக்குத் தேதிதான்."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிட்டோம்ல!"

அவள் தாளை நான்காக மடித்துப் போர்வைமேல் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். மணி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"அப்போ பதினோரு வாரமா இது யார்கிட்ட இருந்துச்சு, ஷிராகி-சான்?"

'என்கிட்டதான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். முலாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு முதலில் ஒரு கூட்டம் போட்டால் என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.