லாட்ஜ் கம்ப்யூட்டரைத் துடைத்த நாள்

"திங்கக்கெழமைக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடலைன்னா சேலத்துக்கே திருப்பி அனுப்பிருவேன், அம்மணி. அப்பறம் நீயும் வாழவந்திக்கே கெளம்பிக்கலாம்" என்றார் லாட்ஜ் முதலாளி முனியப்பன்.

சேலத்தில் கம்ப்யூட்டர் படித்த தேவகுமாரிக்கு மலைமேல் ஒண்டிக்கடைப் பக்கத்து லாட்ஜில் முன்பதிவு பார்க்கும் வேலை கிடைத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சொந்த ஊரான வாழவந்திக்குப் போனால் மறுபடியும் காபி பறிக்கும் கூடைதான். இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரோ, பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் யோசித்துக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, எங்கிட்ட வைரஸ் மருந்து இருக்குதுங்க" என்று அறையில் தங்கியிருந்த ஒருவர் பிளாப்பி கொடுத்தார்.

நம்பிப் போட்டாள். திரையிலிருந்த எழுத்துகள் பொலபொலவென்று உதிர்ந்து கீழே குவிந்தன. மருந்திலேயே நோய் இருந்திருக்கிறது.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினாள். பதிவேட்டில் பெயர் இல்லாத ஆளைத் தங்கவிடக் கூடாது என்பது லாட்ஜ் சட்டம். கம்ப்யூட்டருக்குள் பார்த்தால் யார் எவரென்றே தெரியாத பெயர்களில் ஃபைல்கள் கூட்டமாகக் குடியிருந்தன. இவர்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் காலி செய்தாள். மறுநாள் கம்ப்யூட்டர் கண்ணையே திறக்கவில்லை.

சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த மெக்கானிக் காளியப்பன், தன் பிளாப்பியைப் போட்டு அதை எழுப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இதையெல்லாமா அழிப்பாங்க? இதுகதாங்க அதுக்குக் கையும் காலும்."

"பேரப் பாத்தா நம்ம ஆளுக மாதிரி தெரியலீங்க."

"எது நல்லது, எது கெட்டதுன்னே தெரியாமப் போனா ஒட்டுப்போடறது வீண்வேலைங்க. முழுசாத் தொடச்சுட்டு, வந்த அன்னிக்கு இருந்தாப்புல ஏத்தறதுதான் வழி. வேணுங்கறத மட்டும் மொதல்ல எடுத்து வெச்சுக்கலாம்."

கோடை சீசன் முன்பதிவுகளை பிளாப்பியில் பத்திரப்படுத்தினார்கள்.

"வேற எதாச்சும் வேணுங்களா?"

முதலாளி முந்திக்கொண்டார். "ஒண்ணும் வேண்டாங்க. நொம்ப சுத்தமாத் தொடச்சுருங்க."

மெஷின் மேல் மனிதருக்கு இத்தனை கோபமா என்று நினைத்துக்கொண்டாள் தேவகுமாரி.

மூடுபனி இறங்கும் நேரத்தில் திரை பளிச்சென்று வந்தது. தட்டிய மாத்திரத்தில் முன்பதிவுகள் வந்து நின்றன. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதையோ திறந்தார், உற்றுப் பார்த்தார், அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"மெஷின் இங்கயே இருக்கட்டும். சீசனுக்கு நீயே எல்லாத்தையும் பாத்துக்க, சாமி."

தேவகுமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி பழனியம்மாளிடம் ஓடினாள்.

"அம்மா, கம்ப்யூட்டர் வேகமாப் போகுதுங்க. மொதலாளி மனசு மாறிட்டாருங்க."

"வேகமாவது ஒண்ணாவது. அதுல இருக்கற கண்ணிவெடி ஆட்டத்துல எம்பேருதான் மொத எடத்துல நின்னுது கண்ணு, அதைத் தாண்ட முடியாமத்தான் அந்த மனுசன் மெஷினையே மலையவிட்டு எறக்கப் பாத்தாரு."