சர்வேயரும் தெருக்கோடித் திடலும்

முப்பத்திநாலு வருஷம் ஊரார் நிலத்தை அளந்தவர், ஓய்வு பெற்றதும் கதை அளக்க ஆரம்பித்தார். முதல் கதையே பெரிய கதை: "இனி இந்தக் கை ஒரு வரைபடத்தையும் பிரிக்காது. இது சத்தியம்!"

சர்வேயரின் சத்தியத்துக்குச் சோதனை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

"என்னங்க, தெருக்கோடித் திடலுக்கு லாரிக்காரர் வேலி போட்டுப் பூட்டிட்டாரே. தன் இடம்ங்கிறார். பிள்ளைங்க ரோட்டுல விளையாடுதுங்க. நேத்து ஒண்ணு ஸ்கூட்டர்ல அடிபடப் பார்த்துச்சு. பழைய படம் ஏதாவது பார்த்துச் சொல்லுங்களேன்."

"நான் ரிடையர் ஆயிட்டேன்."

மனைவி நாலு தடவை கேட்டாள். மனுஷர் நாலு தடவையும் ரிடையர் ஆனார். அதற்குப் பிறகு அவள் திடல் பேச்சையே எடுக்கவில்லை. ஒட்டடைக் குச்சியைத்தான் எடுத்தாள். "சும்மாதானே இருக்கீங்க?" என்று அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கேயாவது போய் நிம்மதியா உட்காரப் போறேன்!"

"தாராளமா. ஆனா அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மட்டும் போயிடாதீங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க போற இடம். வாசல்லயே திருப்பி அனுப்பினா அசிங்கம்."

"யாரை? என்னையா?"

அரைமணி நேரத்தில் நூலக வாசலில் நின்றார், சண்டைக்குத் தயாராக. கவுண்டரில் இருந்தவர் அதற்கு வழியே வைக்கவில்லை. "உள்ளூர்க்காரரா சார்? முகவரிக்கு ஒரு கரண்ட் பில், ஒரு போட்டோ, போதும்." பத்து நிமிஷத்தில் கார்டு கைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது மாடி ஆவணக் காப்பகம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஏசி. அகலமான மேசை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கண்ணை மூடினார். காப்பாளர் அம்மா மேசையைத் தட்டினார்.

"சார், இங்க உட்கார்ந்தா முன்னால ஒரு ஆவணம் இருக்கணும்."

"ஏதாவது கொடுங்கம்மா. 'ஆவன செய்யப்படும்'னு ஆயிரம் ஃபைல்ல எழுதினவன் நான். ஆவணத்துக்கா பயப்படுவேன்?"

காப்பாளர் அம்மா விரித்தது, துணியில் ஒட்டிய எண்பது வருஷத்துப் பழைய வரைபடம். சர்வேயர் ஒரு கண்ணைத் திறந்தார். உடனே இன்னொன்றையும் திறந்தார். அவர் தெரு! கோடியில் பச்சை மையில் ஒரு சதுரம். உள்ளே பொடி எழுத்தில்: 'பொது விளையாட்டுத் திடல்'.

சத்தியம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் பூதக்கண்ணாடியோடு போனார். பதினெட்டு நாள் விடாமல் போனார். திடலை நகராட்சியிடம் ஒப்படைத்த பதிவேட்டைப் பிடித்தார். எல்லைக் கல் எங்கே நட்டது என்பதைப் பிடித்தார். நகல் எடுத்து முத்திரையும் வாங்கினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

பத்தொன்பதாம் நாள் மாலை கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கோட்டையைப் பிடித்த தளபதி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். கூடம் நிறைய அக்கம்பக்கத்துப் பெண்கள். நடுவில் காப்பாளர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் நகராட்சிக்கு ஒரு மனு. தட்டச்சு முடிந்து எல்லாரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வரைபட எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"எண் என்னங்க?" என்றாள் மனைவி, பேனாவைத் திறந்தபடி.

"உனக்கு... இவங்களை..."

"ரெண்டு வருஷமா நானும் அங்க மெம்பர்தான். படத்தைத் தேடி எடுக்க எனக்குத் தெரியும். அளவு படிக்கத்தான் சர்வேயர் வேணும்."

"நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. நாலு தடவை."

"பத்து நாள்ல முடிச்சிடுவார்னு அக்கா சொன்னாங்க சார்," என்றார் காப்பாளர் அம்மா, ஆறுதலாக.

சர்வேயர் எண்ணைச் சொன்னார். கோப்பைப் பிரிக்காமலே சொன்னார், எண் தப்பவில்லை.

நகராட்சி ஆட்கள் வந்தார்கள். அவர் கால் வைத்துக் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். ஒரு முழத்தில் எல்லைக் கல் தலைகாட்டியது. லாரிக்காரர் எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பூட்டைக் கழற்றினார். அன்று சாயங்காலம் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே அதிர்ந்தது. சர்வேயர் இருட்டும்வரை திடலோரத்திலேயே நின்று பார்த்தார். இத்தனை வருஷம் அளந்ததில் எதையும் இப்படி நின்று பார்த்ததில்லை.

காப்பகத்தில் இன்னும் அறுநூறு வரைபடங்கள் பட்டியல் இல்லாமல் கிடந்தன. அவற்றை நினைத்தால் கை பரபரத்தது. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு, ஒருநாள் காலை மனைவி முன் போய் நின்றார்.

"இங்க பாரு. காப்பகத்துல சம்பளம் இல்லாம சும்மாவே வேலை செய்யப் போறேன். நீ தடுத்தாலும் நிக்க மாட்டேன். இது என் சொந்த முடிவு!"

மனைவி இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையை நீட்டினாள்.

"சீக்கிரம் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. உங்க சொந்த முடிவைப் போன வாரமே நான் அங்க எழுதிக் கொடுத்துட்டேன்."