தொண்ணூற்றாறு படிகள்

லிஃப்டின் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே டைப் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மஹாதேவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். எழுத்து மாறவில்லை.

'ஊழியர் உடல்நலத் திட்டம். இன்று முதல் லிஃப்ட் ஓடாது. டாக்டர் சர்டிபிகேட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. மாடிப்படியே மருந்து. இப்படிக்கு, பி. சான்யால், மேனேஜிங் டைரக்டர்.'

"கலியா, என்னப்பா இது?"

லிஃப்ட்மேன் கலியன் தன் முக்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டென்று எழுந்தான்.

"பெரிய சாகிப் ஆர்டருங்க சார். எல்லாரும் நடந்து ஏறணுமாம். உடம்புக்கு நல்லதாம்."

"நாலு மாடியுமா?"

"தொண்ணூத்தாறு படிங்க. காலையில எண்ணிப் பார்த்தேன்."

மஹாதேவன் தன் தொந்தியைப் பார்த்தார். அதற்குக் கீழே எங்கோ இருந்த கால்களை நினைத்துக்கொண்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஏறத் தொடங்கினார்.

அது எழுபத்து நாலாம் வருஷம், கல்கத்தா. தெருவின் பெயரை எப்போதோ மாற்றியிருந்தாலும் டிராம் கண்டக்டர் முதல் தபால்காரர் வரை எல்லாரும் கிளைவ் ஸ்ட்ரீட் என்றுதான் சொன்னார்கள். அங்கே, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், தேயிலைத் தோட்டங்களுக்குப் பெட்டி செய்து விற்கும் கம்பெனி நடந்துவந்தது. அதில் மஹாதேவன் ஹெட் கிளார்க். லேக் மார்க்கெட் பக்கத்தில் வீடு. காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், நல்ல காப்பியாக இரண்டு டம்ளர், எட்டே முக்கால் டிராம், ஜன்னலோர சீட், மைதானத்துப் பனியில் மேயும் ஆடுகள், ஒன்பதரைக்குக் கலியனின் லிஃப்ட். இருபத்திரண்டு வருஷமாக இதில் எதுவும் மாறியதில்லை.

அந்த லிஃப்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆபீஸில் எழுத்து இங்கிலீஷ், பேச்சு வங்காளி, பியூன்களிடம் ஹிந்தி. கீழேயிருந்து நாலாவது மாடிக்குப் போக முக்கால் நிமிஷம் ஆகும். அந்த முக்கால் நிமிஷம்தான் மஹாதேவனுக்குத் தமிழ். "திண்டிவனத்துல மழையாங்க சார்" என்று கலியன் ஆரம்பிப்பான். முதல் மாடி தாண்டுவதற்குள் "பெரியவளுக்கு வரன் வந்திருக்காமே?" என்று இவர் கேட்பார். மூன்றாவது மாடியில் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாலாவதில் கதவு திறக்கும். "மிஸ்டர் மஹாதேவன், அந்த ஃபைல்..." என்று யாராவது கூப்பிடுவார்கள். மிச்சம் சாயங்காலம், இறங்கும்போது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது மஹாதேவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. லிஃப்ட் நின்றால் லிஃப்ட்மேன் எதற்கு? கலியனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! கிடர்பூர் குடித்தனம், இரண்டு பெண்கள்... ஐயோ பாவம்.

தனக்குக் கால் வலிக்கிறது என்பதைவிட இந்தக் காரணம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே மிச்சப் படிகளையும் ஏறினார்.

மேலே ஆபீஸே கொதித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் மட்டும் இல்லை. மாலை மூன்றரைக்கு மேஜை ஓரமாக நின்று பத்து நிமிஷம் கைகால் நீட்ட வேண்டும். கேண்டீனில் லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் நின்றுபோய் முளைகட்டிய பயறும் வெள்ளரிக்காயும் வந்துவிட்டன. சனிக்கிழமை எல்லாருக்கும் எடை பார்க்கப்படும். சான்யால் ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்துவிட்டு வந்த கிறுக்கு என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

"மாதக் கடைசிக்குள்ளே பத்து சர்டிபிகேட்டாவது வராவிட்டால் லிஃப்டை ஒரேயடியாக மூடிவிடுவார்களாம், மொஹாதேப் பாபு" என்றார் யூனியன் செக்ரட்டரி பிஸ்வாஸ். வங்காளியில் மஹாதேவன் பெயர் அப்படித்தான் வாயில் உருண்டு வரும்.

"கலியனின் கதி?"

பிஸ்வாஸ் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு அது வரை முட்டிவலி மட்டும்தான் இருந்தது. இப்போது ஒரு கொள்கையும் கிடைத்துவிட்டது.

"ஒரு தொழிலாளியின் சோற்றில் கை வைக்க விடமாட்டோம்!" என்றார்.

அன்று சாயங்காலம் மஹாதேவன் கலியனிடம் குனிந்து சொன்னார்: "நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன்."

"எனக்குக் கவலை ஒண்ணும் இல்லீங்க சார். நீங்க ஏன் சிரமப்படறீங்க?"

எத்தனை மானஸ்தன், என்று நினைத்து மஹாதேவன் நெகிழ்ந்துபோனார்.

மறுநாளே கம்பெனி டாக்டர் கங்குலியிடம் போனார். படி ஏறினால் படபடக்கிறது என்றார். அது உண்மைதான். டாக்டர், 'இருதயம் பலவீனம்' என்று எழுதிக் கொடுத்தார். பூட்டு திறந்தது. முக்கால் நிமிஷத் தமிழ் திரும்ப வந்தது. ஆனால் கலியன் அன்று அதிகம் பேசவில்லை.

"இன்னும் ஒன்பது பேர் வேணும். பயந்துண்டிருக்கான் பாவம்" என்று மஹாதேவன் பிஸ்வாஸிடம் சொன்னார்.

பிஸ்வாஸ் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. ஒரே வாரத்தில் எண்பத்து நாலு பேரில் அறுபத்தொரு பேர் நோயாளி ஆனார்கள். அக்கவுண்ட்ஸ் முழுக்க முட்டிவலி. டிஸ்பாட்ச் முழுக்க மூச்சிரைப்பு. டைப்பிஸ்டுகள் இருவரும் தலைசுற்றலுக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒருத்தி காலையிலும் இன்னொருத்தி மாலையிலும் சுற்றிக்கொள்வதாக சமாதானம் ஆயிற்று. டாக்டர் கங்குலியிடம் அச்சடித்த தாள் தீர்ந்துபோய், கேண்டீன் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

லிஃப்ட் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூச்சுவிடாமல் ஓடியது. கலியனுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை.

"பார்த்தியா கலியா! உனக்காக ஆபீஸே திரண்டு நிக்கறது!"

"ஆமாங்க சார்" என்றான் கலியன். குரல் கம்மியது. நன்றியில் தழுதழுக்கிறான் என்று மஹாதேவன் நினைத்தார்.

சான்யால் மட்டும் சர்டிபிகேட் கட்டைப் பார்த்து இடிந்துபோனார். கெட்ட மனுஷர் இல்லை அவர், அதுதான் தொல்லை. பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. 'என் ஊழியர்கள் இவ்வளவு நோயோடு உழைத்து வந்தது தெரியாமல் இருந்துவிட்டேன். மன்னிக்கவும்' என்று சுற்றறிக்கை அனுப்பினார். மறுநாள் முதல் நோயாளிகளுக்குக் கேண்டீனில் பார்லிக் கஞ்சியும் வேகவைத்த பப்பாளிக்காயும். ஹூக்ளியில் வருஷா வருஷம் போகிற ஸ்டீமர் உல்லாசப் பயணத்துக்கு நோயாளிகள் வரக் கூடாது. அதாவது பயணம் ரத்து. இருதயக்காரர்களின் வீட்டுக்குத் தனிக் கடிதம்.

மஹாதேவன் வீடு போய்ச் சேர்ந்தபோது மனைவி பாகீரதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கடிதம் இங்கிலீஷில் வந்திருந்தது. அதைப் பக்கத்து வீட்டு முகர்ஜி மாமி வங்காளியில் படித்துச் சொல்லியிருந்தாள். பாகீரதி அதைத் தமிழில் புரிந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பாஷையிலும் இருதயம் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே வந்திருந்தது.

"ஏன்னா, என்கிட்டக்கூட மறைச்சுட்டேளே?"

"அடியே, அது பொய் சர்டிபிகேட். லிஃப்டுக்காக வாங்கினது."

"லிஃப்டுக்கு யாராவது இருதயத்தை வெச்சு விளையாடுவாளா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்றேள்."

அன்றோடு நெய் நின்றது. மறுநாள் உருளைக்கிழங்கு நின்றது. மூன்றாம் நாள் காலையில் டம்ளரில் வந்தது காப்பி இல்லை, கேழ்வரகுக் கஞ்சி. மஹாதேவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் இருதயம் உண்மையாகவே வலித்தது.

நேரே டாக்டர் கங்குலியிடம் ஓடினார். "டாக்டர், எனக்குக் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்."

"பத்து நாளில் இருதயம் குணமாயிற்று என்று எழுதினால் ஊரே என் வாசலில் வந்து நிற்கும். போங்கள் மொஹாதேப் பாபு, ஓய்வெடுங்கள்."

வேறு வழி தெரியவில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி படியேறிக் காட்டிவிடுவது என்று மஹாதேவன் தீர்மானித்தார். மறுநாள் காலை, கலியன் திறந்து வைத்திருந்த கதவைத் தாண்டி, குடையை வீசிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"சார், நடந்தா போறீங்க?" கலியனின் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "போங்க சார், நல்லது சார்!"

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே சான்யால் நின்றார். அவர் தினமும் படியில்தான் ஏறி இறங்குவார்.

"கீ ஷொர்போனாஷ்!" என்று அலறினார் சான்யால். குடி முழுகிப்போனால் வங்காளிகள் போடும் கூச்சல் அது. "இருதயத்தை வைத்துக்கொண்டு படியேறுகிறீர்களா? அசையாதீர்கள்! தர்வான்!"

"சார், எனக்கு ஒன்றும்..."

"பேசாதீர்கள்! பேசினால் ஆபத்து!"

வாசலில் காவல் நிற்கும் இரண்டு தர்வான்கள் நாற்காலியோடு ஓடிவந்தார்கள். மஹாதேவனை அதில் அமுக்கி உட்கார வைத்து, ஊர்வல சுவாமி மாதிரி தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பிஸ்வாஸ் "இன்குலாப்" என்று ஆரம்பித்து, எதற்கு என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். நாற்காலியோடு அவரை லிஃப்டில் வைத்தார்கள். சான்யாலும் ஏறிக்கொண்டார். கலியன் கைப்பிடியைத் திருப்பினான்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது. அந்த நாளில் கல்கத்தாவில் லோட்ஷெட்டிங்குக்கு நேரம் காலம் கிடையாது. சுற்றிலும் செங்கல் சுவர். மேலேயிருந்து ஒரு கீற்று வெளிச்சம். யாரோ தூரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து நிமிஷம் போயிற்று. மஹாதேவனுக்குத் தோன்றியது: உண்மையைச் சொல்ல இதைவிட்டால் சமயம் கிடைக்காது. சான்யாலும் எங்கும் ஓட முடியாது. நானும் ஓட முடியாது.

"சார், எனக்கு இருதய நோய் இல்லை" என்றார். "யாருக்கும் எந்த நோயும் இல்லை. எல்லாம் இந்தக் கலியனுக்காகச் செய்தது. லிஃப்டை மூடினால் இவன் எங்கே போவான்? இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெட்டியே இவன் உலகம். இதை விட்டால் இவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். இவனை மட்டும் இங்கேயே இருக்க விடுங்கள்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. இதில் பொய் இல்லை. இந்த முக்கால் நிமிஷம் இல்லாமல் இந்த ஊரில் தன் காலை எப்படி விடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இருட்டில் சான்யாலின் குரல் வந்தது.

"அறுபத்தொரு பேரும் இவனுக்காகவா?"

"ஆமாம் சார்."

"கலியன், நீ என்ன சொல்கிறாய்? இப்போது இங்கேயே இருக்கத்தான் வேண்டுமா உனக்கு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

கலியன் தொண்டையைச் செருமினான். "சாகிப், நான் வந்து..."

"நீ சும்மா இரு கலியா!" மஹாதேவன் தமிழில் அதட்டினார். "இந்த நேரத்துல மானம் பார்க்காதே." பிறகு சான்யால் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "கூச்சப்படுகிறான் சார். தனக்கென்று வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டான்."

விளக்கு வந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. சான்யால் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்மனியில் உடம்பைத்தான் கவனிக்கிறார்கள்" என்றார். "இப்படி ஒரு மனசை நான் அங்கே பார்க்கவில்லை."

மறுநாள் ஆர்டர் வந்தது. உடல்நலத் திட்டம் வாபஸ். லிஃப்ட் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை தவறாமல் ஓடும். 'ஊழியர்களின் ஒருமித்த விருப்பத்தை மதித்து, திரு. கலியன் ஓய்வு பெறும் வரை லிஃப்ட்மேனாகவே நீடிப்பார். வேறு எந்தப் பணிக்கும் மாற்றப்படமாட்டார்.' பித்தளைப் பொத்தான் வைத்த புது யூனிஃபாரமும் உண்டு.

கேண்டீனில் அன்றைக்கே லூச்சி பொங்கிப் பொங்கி எழுந்தது. பிஸ்வாஸ் எல்லாருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். அறுபத்தொரு பேரும் ஒரே மத்தியானத்தில் குணமானார்கள். ஸ்டீமர் பயணம் கிடைத்தது. மஹாதேவனுக்கு வீட்டில் காப்பி கிடைக்க மட்டும் மேலும் ஒரு வாரமும், சான்யாலின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் தேவைப்பட்டன.

ஆர்டர் வந்த அன்று சாயங்காலம், மஹாதேவன் அதன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் இறங்கிப் போகும் வரை நாலாவது மாடியில் காத்திருந்தார். இதை முக்கால் நிமிஷத்துக்குள் தமிழில் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. லிஃப்ட் வந்தது. உள்ளே ஏறினார். புது யூனிஃபாரத்தில் கலியன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பொத்தான் இறுக்கமாக இருந்தது.

"கேட்டுக்கோ" என்று நகலைப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். மூன்றாவது மாடி போயிற்று. இரண்டாவது போயிற்று. "ரிடையர் ஆகற வரைக்கும் உன்னை இந்த லிஃப்டை விட்டு யாரும் அசைக்க முடியாது! இன்னும் பதினாறு வருஷம்! இப்பவாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்."

முதல் மாடிக்குக் கீழே லிஃப்ட் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கலியன் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், செங்கல் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

"இந்தப் பொட்டிக்குள்ள மூச்சு முட்டுது, இதை மூடிட்டு என்னை அலிப்பூர் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் தோட்ட வேலைக்கு மாத்திவிடுங்கன்னு பெரிய சாகிப் காலைப் பிடிச்சுக் கேட்டதே நான்தாங்க சார்."