ஒரு வரியில் போன ஏழு வருஷம்

பினார் தெல் ரியோ என்ற ஊரின் சுருட்டு ஆலையில் இருநூறு பேர் குனிந்து சுருட்டுச் சுற்ற, ஒருவன் மட்டும் மேடையில் உட்கார்ந்து அவர்களுக்குக் கதை வாசிப்பான். பதினெட்டு வருஷமாக அந்த ஒருவன் எவரிஸ்தோ. அடுத்தவர் கதைகளை வாசித்தே தொண்டை தேய்ந்தவன், இந்தத் திங்கட்கிழமை, மூன்று வருஷம் எழுதிய சொந்த நாவலோடு கம்பீரமாக மேடையேறினான்.

கதாநாயகன் எழுந்தான். பல் விளக்கினான். செருப்பைத் தேடினான். அதற்கே பன்னிரண்டு பக்கம். பிறகு காதலி. 'பிரிந்தார்கள். ஏழு வருஷம் ஓடியது' என்று வாசித்து, கேட்பவர்கள் அழுவதற்காகச் சற்று நிறுத்தினான். யாரும் அழவில்லை. இலை வெட்டும் கத்திகள் சடசடவென்று தரையில் விழுந்தன. கதை பிடித்தால் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கீழே போடுவார்கள். திருத்திக்கொண்டு வா, நாளையும் விழுந்தால் வாசிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் வரிசையில் சுருட்டுச் சுற்றுபவள் அவன் மனைவி லியோனிலா. அவளும் கத்தியைப் போட்டிருந்தாள்.

வீட்டில் கறுப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"செருப்பு தேடுறத ஒரே வரியில தாண்டிப் போங்க. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு என்ன சொன்னா? அதக் கேக்கத்தானே உக்காந்திருந்தோம்."

"இலக்கியத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இருபது வருஷமா காதால படிச்சிருக்கேன். நீங்க வாயால மட்டும்தானே படிச்சீங்க."

ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான்.

மறுநாள் மேடையில் நோட்டைத் திறந்தால், அந்தப் பன்னிரண்டு பக்கத்தைக் காணோம். அங்கே அவளுடைய குண்டுக் கையெழுத்து. நிறுத்தினால் கத்தி விழும். வேறு வழியில்லாமல் வாசித்தான்.

செருப்பு ஒரே வரியில் கிடைத்துவிட்டது. பிறகு வாசல். காதலி அவன் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்கப் பார்க்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. போகாதே என்று அவள் சொல்லவில்லை. 'மழைக்கு முன்னால கிளம்பு' என்கிறாள்.

எவரிஸ்தோ நிமிர்ந்து பார்த்தான். இருநூறு ஜோடிக் கைகளும் அப்படியே நின்றிருந்தன. பதினெட்டு வருஷத்தில் எந்தக் கதைக்கும் அவை நின்றதில்லை. அப்புறம் கத்திகள் பலகையைத் தட்டத் தொடங்கின, மேடையே அதிர்ந்தது. இவளோடா இத்தனை காலம் ஒரே மேஜையில் சாப்பிட்டேன் என்று பிரமித்துப்போய், கூச்சமில்லாமல் அழுதான்.

அன்று மாலை அவனே பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தான். அவள் எழுத, அவன் பாத்திரம் கழுவினான்.

மறுநாள் அடுத்த அத்தியாயம். கதாநாயகன் கல்யாணம் செய்துகொண்டு பாத்திரம் கழுவினான். மூன்று தட்டை உடைத்துத் துண்டுகளை அடுப்புக்கடியில் தள்ளியது உட்பட, ஒன்பது பக்கம். ஆலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எவரிஸ்தோ பத்தாம் பக்கத்தைத் திருப்பினான். மூன்று வருஷம் அவன் மண்டையை உடைத்துக்கொண்டதை அவள் ஒரே வரியில் முடித்திருந்தாள்:

'இடையில் அவன் ஒரு நாவலும் எழுதினான்.'