நாலு சக்கரம், நாலு எலுமிச்சம்பழம்

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் என்னிடம் ஐந்து நிமிடம் பேசிவிட முடியாது. (இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.) உராய்வு என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள், வழவழப்பான தரையில் ஓடும் பந்தய வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த கதையை, வேறு யாராவது கூட்டிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை ஆபீஸில் எல்லோரையும் கோ-கார்ட் ஓட்ட அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகிற வழியில், ஒரு பெரிய கொட்டகைக்குள் வளைந்து வளைந்து பாதை போட்டிருக்கிறார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் குட்டி வண்டிகள். படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. அதுவரை நான் ஓட்டியதிலேயே பெரிய வாகனம் தம்பியின் சைக்கிள். ஆனாலும் மேனேஜர் ராகவன் சார், "யாரு ஜெயிக்கப் போறீங்க?" என்று கேட்டபோது, "ஃபிசிக்ஸ் படிச்சவங்கதான் சார்" என்று சொல்லிவைத்தேன்.

வீட்டில் சொன்னது அதைவிட வினை. அம்மாவுக்குச் சுருக்கமாகப் புரியட்டுமே என்று "கார் ரேஸும்மா" என்றேன். மறுநாள் காலை நான் பஸ் பிடிக்கப் போவதற்குள் உறையூரில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பாப்பா, கப்போடதான் வரணும்" என்றார். எதிர்வீட்டு அக்கா, "தோத்துட்டா மறைக்காம சொல்லிடு. அம்மாவுக்கு நான் ஆறுதல் சொல்லிக்கிறேன்" என்றாள். (அம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்த பகை இன்னும் ஓயவில்லை.) அந்த ஆறுதலை அம்மா வாங்கும்படி நான் விட முடியுமா? ஜெயித்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை கிளம்பும்போது அம்மா ஒரு கவரை நீட்டினாள். உள்ளே குங்குமம் தடவிய நாலு எலுமிச்சம்பழம்.

"நாலு சக்கரத்துக்கும் வச்சு ஏத்து."

"அம்மா, அது நம்ம வண்டி இல்ல."

"நீ முதல்முதலா ஏறி உக்காருற வண்டிதானே?"

"படிச்சவங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்கம்மா."

"படிச்சவங்கள வண்டி இடிக்காதோ?"

இயற்பியலை வீட்டில் விட்டுவிட்டு, கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா, "நல்ல கெட்டித் தோலா பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்மா" என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கெட்டித் தோல்தான் பிற்பாடு என் மானத்தை வாங்கியது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் இன்ஜின் சத்தம் நேராக நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ரப்பர் வாசனை, பெட்ரோல் வாசனை, தலைக்கு ஹெல்மெட். கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே கொஞ்சம் பயந்தேன். என் பையையும் போனையும் நஸ்ரின் வாங்கிக்கொண்டாள். பாலக்கரைக்காரி, ஆபீஸ் தோழி. தலைசுற்றும் என்று அவள் வண்டி ஓட்டவில்லை. கவரைப் பார்த்துவிட்டு, "என்னடி, சர்பத் போடப் போறியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"யா அல்லாஹ்" என்றவள், உடனே குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் வை. நான் மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

வரிசையில் என் வண்டி முதலில். எனக்குப் பின்னால் ராகவன் சார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து ஒரு சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்தேன். நகர்ந்து போய் அடுத்த சக்கரத்துக்கும் கயிறு கட்டினேன். நாலாவது முறை குனிந்தபோது கொடி காட்டும் தம்பி கேட்டான்: "மேடம், உங்களுக்கு எத்தனை காலு?"

பச்சைக் கொடி அசைந்தது. மிதித்தேன். சளக், சளக், சளக். மூன்று சத்தம்தான் வந்தது என்பதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பக்கத்து டயர்ச் சுவரெல்லாம் ஒரே கறுப்புக் கோடாக ஓடியது. திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்லை. அடேயப்பா, இவ்வளவு வேகமா நான்? ஹெல்மெட்டுக்குள் கத்திச் சிரித்தேன். சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டும்போது அந்தத் தம்பி மஞ்சள் கொடியை உயிரைக் கொடுத்து ஆட்டினான். கைதட்டலுக்குப் பதிலாக இங்கே கொடி ஆட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு கையை எடுத்து அவனுக்கு டாட்டா காட்டினேன்.

கையை இறக்கினால், எதிரே ராகவன் சார் வண்டியோடு குறுக்கே நிற்கிறார். ஒரு முழுச் சுற்று முந்திவிட்டேன் என்ற ஆனந்தத்தில் பிரேக் எந்தக் காலில் என்பது மறந்துபோயிற்று.

"பெருமாளே" என்றார் சார். டமார்.

யாருக்கும் அடியில்லை. எல்லா இன்ஜினையும் நிறுத்தினார்கள். அப்புறம்தான் மஞ்சள் கொடி என்றால் 'மெதுவாக வா' என்பதும், நடந்தது என்னவென்பதும் தெரிந்தது. நாலாவது பழம் நசுங்காமல் பிதுங்கி உருண்டு பாதைக்கு வந்திருக்கிறது. சாரின் சக்கரம் அதன்மேல் ஏறி, சாறு வழுக்கி, வண்டி சுழன்று பாதையை அடைத்து நிற்க, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முட்டியிருக்கிறார்கள். கொடித் தம்பி குங்குமம் ஒட்டிய சக்கையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடதுங்க?" என்றான்.

பதிலுக்கு நஸ்ரின் கையிலிருந்த என் போன்தான் அடித்தது. வந்ததிலிருந்து இன்ஜின் சத்தத்தில் கேட்காமல் ஸ்பீக்கரில் பேசிப் பழகியவள், இதையும் ஸ்பீக்கரிலேயே எடுத்தாள்.

"ஏண்டி, நாலு சக்கரத்துக்கும் வச்சியா?"

கொட்டகை முழுக்க அம்மாவின் குரல். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். ராகவன் சார் மெதுவாக எழுந்து வந்து போனை வாங்கினார்.

"வணக்கம்மா. மேனேஜர் பேசறேன். வச்சாங்கம்மா. ரொம்ப சக்தியுள்ள பழம்."

"என் பொண்ணு ஜெயிச்சாளா சார்?"

திசைக்கொன்றாக நின்ற வண்டிகளை அவர் ஒருமுறை பார்த்தார். "ஒரு ரவுண்டு முழுசா முடிச்சது உங்க பொண்ணு மட்டும்தாம்மா."

நான் சோப்புத் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், உறையூரில் அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாம்.

அந்தக் கொட்டகைச் சுவரில் இப்போது ஒரு பலகை இருக்கிறது: 'துப்பட்டா, சேலை, எலுமிச்சம்பழம் அனுமதி இல்லை.' நஸ்ரின் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். அது கதையோடு சேர்ந்து எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது.

போன மாதம் சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கினேன். அம்மா சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பழம் வைத்தாள். எதிர்வீட்டு அக்கா அவசரமாக ஓடிவந்து, வாசலில் நின்ற தன் வீட்டுக்காரர் பைக்கை உள்ளே தள்ளினாள்.

"ஏன்க்கா?" என்றேன்.

"நீ பழம் வச்சா உன் வண்டி போயிடும்டி. மத்தவங்க வண்டிதான் நின்னுடும்."

அம்மா அதற்கும் பெருமையாகத்தான் தலையாட்டினாள்.