வெள்ளிக்கிழமைக்குள் நீ வழுக்கி விழவேண்டும்

அன்பு மைத்துனருக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த வாரம் உன் வீட்டில் மற்றவர்கள் சுகமாக இருந்தால் போதும், நீ மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்க வேண்டும். கோபப்படாமல் மேலே படி, மச்சான். போனில் சொல்லலாம் என்றால் உன் அக்காவின் காது உனக்கே தெரியும்.

என் வியாபார முறையும் உனக்குத் தெரியும். தலையணையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து, மெத்தைக் கடை முதலாளியாக உட்கார்ந்திருக்கும் இன்றுவரை, வந்தவர் எதைக் கேட்டாலும் முதலில் "இருக்கு" என்பேன். எங்கே இருக்கிறது என்று அப்புறம்தான் தேடுவேன். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது. என் மகள் ஒரு வருடமாக இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஜோடி ஓட்டம் அது. இரண்டு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும், ஒருவர் விலகினால் மற்றவர் ஓடியதும் செல்லாது. கூட ஓட இருந்த அலுவலகத் தோழிக்குப் படியில் கால் பிசகிவிட்டது. அன்று மாலைக்குள் வேறு பெயர் கொடுத்தாக வேண்டும். கடைக்கு வந்து, "அப்பா, அவசரமா ஒரு ஆள் வேணும்" என்றாள். "இருக்கு" என்றேன். "யாரு?" என்றாள். திரும்பிப் பார்த்தேன், பின்னால் மெத்தைகள்தான் நின்றன. "நான்தான்" என்றேன். சரக்கு வரும்வரை தற்காலிகமாகத்தான் சொன்னேன், மச்சான். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அதற்குமேல் எப்படி வாபஸ் வாங்குவது?

முதல் நாள் தெருமுனை வரை ஓடியதும் மூச்சு முட்டியது. அதை மறைக்க, மூடிக் கிடந்த ஒரு கடையின் பூட்டை உற்றுப் பார்ப்பதுபோல நின்றேன். வாட்ச்மேன் தடியோடு வந்தார். இரண்டாவது தெருவை ஓடிக் கடந்தது அவர் புண்ணியம்தான். ஷூ வாங்கப் போன இடத்தில், எல்லா அளவும் ஒரே விலை என்றதும் பெரிதாகப் பார்த்து வாங்கினேன், இப்போது நான் நின்ற பிறகும் ஷூ கொஞ்ச தூரம் போகிறது. போட்டி நடத்துகிறவரிடமும் பேசிப் பார்த்தேன். "இருபத்தொண்ணுன்னு எதுக்குங்க சில்லறையா நிக்குது? இருபதா முடிச்சுக்குங்களேன்" என்றேன். "தூரத்துல தள்ளுபடி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டார். உன் அக்காவோ, "இவ்வளவு நாளா நிழல்ல உட்கார்ந்து பழகின உடம்பு. நடு ரோட்டுல சாய்ஞ்சா யாரு தூக்குறது?" என்கிறாள்.

சாய்வதற்கு நான் பயப்படவில்லை. கடையில் நஷ்டம் வந்தால் என் தலையோடு போகும். இங்கே நான் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணின் ஒரு வருட உழைப்பு போய்விடும். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மெத்தைக் கடைக்காரனுக்கே தூக்கமில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? வியாபாரமே படுத்துவிடும்.

நெருங்கிய உறவில் யாருக்காவது அவசரம் என்றால் வெள்ளிக்கிழமை வரை ஆளை மாற்றலாமாம். பக்கத்துக் கடைக் கண்ணாடி வியாபாரி தினமும் ஓடுகிறவர், அவரைப் பேசி வைத்துவிட்டேன். ஆள் தயார், அவசரம்தான் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே நீ குளியலறையில் வழுக்கி விழுந்து, உன் அக்காவுக்குப் போன் செய்து, என்னை உடனே அனுப்பச் சொல். அடி இடுப்பில் என்று சொல், வெளியே தெரியாது. முனகு, ஆனால் அளவாக முனகு. கூடிப்போனால் உன் அக்காவும் கிளம்பிவிடுவாள். இந்த உதவிக்கு முதல்தரமான மெத்தை ஒன்று அனுப்பி வைக்கிறேன், நிஜமாகவே முதல்தரம், வாடிக்கையாளரிடம் சொல்கிற முதல்தரம் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நீ நல்லபடியாக விழுந்து, திங்கட்கிழமை நல்லபடியாக எழுந்திருக்க வாழ்த்தும்,

உன் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. பாதியில நின்னுடுவேனோன்னு தோணுது" என்றாள். நல்ல சமயம் என்று, "கண்ணாடிக்காரரை உன்கூட அனுப்பட்டுமா? உன்னை இழுத்துக்கிட்டே போயிடுவாரு" என்றேன். "ஐயோ, வேணாம்பா. அவர் முன்னாடி எப்படி உட்கார்றது? நீங்கன்னா திட்டாம என்கூட உட்காருவீங்க" என்றாள். நான் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, மச்சான். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. நீ விழ வேண்டாம். குளியலறையில் பார்த்து நட. சனிக்கிழமையே இங்கே வந்துவிடு, ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கலாம்.