நான் மானிட்டரைச் சாகடித்த கதை

இந்த வருஷப் பூஜை போனஸ் என்னுடையது! 2006 செப்டம்பரில், கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில், பல் தேய்த்துக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற சுதந்திரம் எனக்குக் கல்யாணத்தோடு போய்விட்டது.

எனக்கு வேண்டியது பதினேழு அங்குலத் தட்டை மானிட்டர். துறைமுக ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ரங்கராஜன் வீட்டில் அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. எங்கள் வீட்டுப் பெட்டி மானிட்டரில் சீட்டாடினால் ராஜாவும் ராணியும் ஒரே ஜாடையாகத் தெரிகிறார்கள்.

என் மனைவி சாவித்ரிக்கு வேண்டியது பூரி. தின்கிற பூரி இல்லை; ஜகந்நாதர் இருக்கிற பூரி. கடல், காற்று, ஐந்து நாள் சமையலிலிருந்து விடுதலை.

"பழைய மானிட்டர் உயிரோட இருந்தா பூரி. செத்துப்போனா புதுசு. சரியா?" என்றாள்.

"சரி," என்றேன் நல்ல பிள்ளையாக.

இந்த ஒப்பந்தத்தில் ஓட்டை இருப்பதை ரங்கராஜன்தான் காட்டினான். திரை நொடிக்கு எத்தனை தடவை படம் வரையவேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு எண் இருக்கிறதாம். எங்கள் கிழம் தாங்குவது எழுபத்தைந்து. நூறு வைத்தால் மூர்ச்சையாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாவித்ரி குளிக்கப் போனதும் நூறு வைத்தேன். திரை கறுத்தது. பதினைந்து நொடிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். குத்துமதிப்பாகத் தடவி 'ஒய்' பொத்தானை அமுக்கினேன். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் மிதந்தது. என்ன ஒரு ஆனந்தம்!

"சாவித்ரி! போயிடுத்துடி!"

"யாரு?"

"மானிட்டர்!"

ஈரத் தலையோடு வந்து, மிதந்த கட்டத்தைப் படித்துப் பார்த்தாள். "ஐயோ பாவம். வாங்கோ, நரேன்தா கிட்ட காட்டிடலாம்."

"செத்ததுக்கு எதுக்கு டாக்டர்?"

"டெத் சர்ட்டிஃபிகேட் வேண்டாமா?"

நரேன்தா பவானிபூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பதினைந்து கிலோ மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். பளிச்சென்று படம் வந்தது. எனக்குத்தான் கண்ணை இருட்டியது.

இருவரும் பெங்காலியில் பொரிந்து தள்ளினார்கள். என் பெங்காலி கத்தரிக்காய் வாங்க மட்டும் போதும். சாவித்ரியின் பெங்காலி கத்தரிக்காய்க்காரனையே அழவைக்கும்.

"என்னடி சொல்றார்?"

"மானிட்டர் கல்லுக்குண்டாட்டம் இருக்காம்."

"அப்போ நம்மாத்துல ஏன் வரலை? கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் ஒத்துப்போகலைடி!"

"நமக்கு மட்டும் ஒத்துப்போறதா என்ன? அதுக்காகப் புதுசா வாங்கறேளா?"

நரேன்தா தமிழ் தெரியாமலே சிரித்தார்.

"கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து போடச் சொல்றார்," என்றாள். "இப்போ கை நிறைய வேலையாம். பூஜைக்குக் கடை மூடிடுவாராம். லக்ஷ்மி பூஜை கழிச்சுத்தான் தொடுவாராம்."

வாயைத் திறந்து 'நூறு' என்று சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சொன்னால் நான் தொலைந்தேன். என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் பாக்கி இருந்தது.

"பூரிக்கு இனிமே டிக்கெட் ஏது? பூஜைக்குக் கல்கத்தாவே அங்கதானே போறது!"

கைப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "ஜூலையிலேயே எடுத்துட்டேன். உங்களுக்கு லோயர் பெர்த்."

பத்து நாள் கழித்து ஹவுராவில் ரயில் ஏறினோம். மானிட்டரும் கம்ப்யூட்டரும் நரேன்தா கடைக்குள். வண்டி கிளம்பியதும், அசட்டுச் சிரிப்போடு கேட்டேன்:

"ஏன்டி, நாம திரும்பி வந்ததும் நரேன்தா சரி பண்ணிடுவாரோன்னோ?"

அவள் டப்பாவைத் திறந்து மிளகாய்ப்பொடி இட்லியை என் கையில் வைத்தாள்.

"அந்தக் கட்டத்துல இருந்ததைச் சொன்னதுமே, யாரோ நம்பரை ஏத்தியிருக்கா, ரெண்டு நிமிஷ வேலைன்னு அவர் அன்னிக்கே சொல்லிட்டார்னா. நம்பரை ஏத்தி வச்சவர் வாயைத் திறக்கறவரைக்கும் பூட்டி வைங்கோன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்."